செம்மண் தரைக்கு ஏற்ற டயரும் ஃபோர் வீல் டிரைவும்

செட்டிநாட்டின் கானாடுகாத்தானிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் தரை மாறிக்கொண்டே இருக்கும். முதலில் சரளை கலந்த செம்மண் பாதை. கொஞ்சம் உள்ளே போனால் சீமைக் கருவேலம் இருபுறமும் நெருக்கும் முள்வழி. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் உள்வாயில் கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்கும் சேறு. தேவகோட்டை தாண்டிக் கிழக்கே கடலை நோக்கிப் போகிறவர்களுக்கு மணலும் உண்டு. இந்தத் தரைகளில் வண்டி நகருமா நிற்குமா என்பதைப் பெரும்பாலும் டயர்தான் முடிவு செய்கிறது. ஆனால் ஃபோர் வீல் டிரைவ் வாங்கியவர்கள் கியர் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைப் பற்றியே பேசுகிறார்கள். டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார்கள். அதனால் இந்த அத்தியாயத்தில் டயர் முதலில். லீவரும் கிரவுன் எனப்படும் டிஃபரன்ஷியலும் பிறகு.

தரையைத் தொடும் ரப்பர்

ஒரு கணக்கோடு தொடங்கலாம். ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை 1,800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தின் பங்கு 450 கிலோ. டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ அழுத்தம். 450-ஐ 2.1-ஆல் வகுத்தால் 214 சதுர சென்டிமீட்டர் வரும். விரல் விரித்துத் தரையில் வைத்த ஒரு கையைவிடச் சற்றுப் பெரிய இடம், அவ்வளவுதான். அந்த நான்கு கை அளவு ரப்பரை நம்பித்தான் முழு வண்டியும் போகிறது.

காற்றை 18-க்குக் குறைத்தால் அதே கணக்கு ஏறத்தாழ 355 சதுர சென்டிமீட்டர் காட்டும். பக்கச்சுவரும் கொஞ்சம் எடை தாங்குவதால் நிஜத்தில் எண்கள் சற்று மாறும். ஆனால் தொடும் இடம் பாதிக்கு மேல் கூடுகிறது என்பது மாறாது. கூடுவது பெரும்பாலும் நீளவாக்கில். தரைமேல் விழும் பளு பரவிவிடுவதால் இளகிய தரையில் டயர் புதையாமல் மேலேயே போகிறது. எந்த விலையுயர்ந்த உதிரிப்பாகமும் செய்யாத வேலையை, வால்வு முனையை அழுத்தி ஒரு நிமிடம் காற்று விடுவதே செய்துவிடுகிறது.

பக்கச்சுவரைப் படிப்பது

டயரின் பக்கச்சுவரில் 255/65 ஆர்18 என்று இருந்தால், அகலம் 255 மில்லிமீட்டர். அதில் 65 விழுக்காடு, அதாவது 166 மில்லிமீட்டர், சுவரின் உயரம். ஆர் என்பது ரேடியல். ரிம் 18 அங்குலம். 2020-இல் வந்த மகிந்திரா தார் வண்டியின் ஒரு வகையில் இந்த அளவு. இன்னொரு வகையில் 245/75 ஆர்16. இரண்டும் வெளியே பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆனால் 16 அங்குல ரிம்மில் சுவர் 184 மில்லிமீட்டர். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே அவ்வளவு ரப்பர் கூடுதல். பெரிய ரிம் பார்க்கக் கம்பீரம்தான். செம்புராங்கல் பாதையில் ரிம் நெளியாமல் இருக்க வேண்டும் என்றால், காற்றைக் குறைத்து ஓட்டும் எண்ணம் இருந்தால், சின்ன ரிம்மும் உயரமான சுவரும் உள்ளதையே எடுங்கள்.

அளவை அடுத்து ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 109 என்றால் அந்த டயர் 1,030 கிலோ தாங்கும். எஸ் என்ற எழுத்து மணிக்கு 180 கிலோமீட்டர்வரை என்று பொருள். புது டயர் மாற்றும்போது கம்பெனி கொடுத்ததைவிடக் குறைந்த எண் உள்ளதை வாங்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். செட்டிநாட்டில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வண்டி ஊரில் கொட்டகையில் நிற்கும். கல்யாணம், படைப்பு, கோயில் திருவிழா என்று வரும்போதுதான் வெளியே எடுப்பார்கள். "ஆச்சி, டயர் புதுசு மாதிரியே இருக்கு, பட்டன் தேயவே இல்ல" என்று டிரைவர் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. பட்டன் எனப்படும் ரப்பர்க் கட்டங்கள் முழுசாக இருக்கும், ரப்பர் செத்திருக்கும். ஓடாவிட்டாலும் வெயிலும் காற்றும் ரப்பரை இறுக்கி வெடிப்பு விட வைக்கும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்ற டயரின் அடி தட்டையாகிவிடும். அப்படிப்பட்ட டயரோடு திருச்சி நெடுஞ்சாலையில் நூறில் போவதைவிட ஆபத்தான காரியம் இந்த அத்தியாயத்தில் வேறில்லை. ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள். சுவரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். பத்து ஆண்டு ஆனதை எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

தேய்மானத்துக்கும் சட்டம் இருக்கிறது. கார், ஜீப் வகைக்குப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது. நனைந்த செம்மண்ணில் ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மில்லிமீட்டரிலேயே பிடிப்பு போய்விடும்.

டயர் பற்றிப் பேசும்போது இந்த ஊர்க்காரர்களுக்கு ஓர் உறவு ஞாபகம் வர வேண்டும். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கிய பிறகு உலகத்துக்கு ரப்பர் பசி எடுத்தது; மலாயாவில் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அந்தத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்களிலும், தோட்டங்களைச் சொந்தமாக வைத்திருந்தவர்களிலும் செட்டிநாட்டு நகரத்தார் உண்டு. அவர்களுடைய மாளிகைத் தூண்களில் பர்மாத் தேக்கைப் பார்க்கிறோம்; மலாயா ரப்பரையும் அந்த மாளிகைகளின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எந்த வகை டயர்

கடையில் மூன்று வகை சொல்வார்கள். எச்.டி. என்பது சாலைக்கானது: சத்தம் குறைவு, மழையில் தார்மேல் நல்ல பிடிப்பு, சுவர் மெல்லியது. எம்.டி. சேற்றுக்கானது: பெரிய பட்டன், அகலமான பள்ளம், தடித்த சுவர், தார்ச்சாலையில் இரைச்சல், நனைந்த தாரில் பிரேக் தூரம் அதிகம், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். ஏ.டி. இரண்டுக்கும் நடுவில்.

என் தீர்ப்பு: கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, திருமயம் வட்டாரத்தில் ஓட்டுகிறவருக்கு ஏ.டி.தான். இங்கே ஆண்டில் எட்டு ஒன்பது மாதம் தரை காய்ந்து கிடக்கிறது. சேற்றுக்காகவே செய்த டயரை இரண்டு மூன்று மாதச் சேற்றுக்காக ஆண்டு முழுக்கச் சுமக்கத் தேவையில்லை. ஆனால் ஏ.டி.யிலும் சுவர் தடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். அதற்குக் காரணம் முள்.

முள்ளும் காற்றும்

விறகுக்கு ஆகும் என்று பரப்பப்பட்டு, பிறகு வெட்டி அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம்வரை வழக்குப் போன மரம் சீமைக் கருவேலம். அதன் முள் காய்ந்தால் ஆணிக்குச் சமம். பட்டன் பகுதியில் ஏறினால் டியூப்லெஸ் டயர் உடனே இறங்காது. முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். காட்டில் அதைப் பார்த்ததும் பிடுங்க வேண்டாம். சாக்பீஸால் சுற்றி வட்டம் போட்டு, காற்றை அளந்து குறித்துக்கொண்டு, ஓட்டிவந்து பஞ்சர் கடையில் எடுங்கள். பட்டனில் ஏறிய முள்ளுக்கு ஸ்ட்ரிப் திணித்தால் போதும். சுவரில் ஏறினால் ஸ்ட்ரிப் நம்பத் தகாதது. சுவர்தான் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும் இடம். அங்கே வைத்த அடைப்பு வேகத்தில் பிய்த்துக்கொள்ளும்.

இங்கேதான் வெளியூர் வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சாலையை விட்டு இறங்கினால் காற்றைக் குறை என்பது பாலைவனத்துக்கும் கடற்கரைக்கும் சரியான விதி. காற்று குறைந்தால் சுவர் பக்கவாட்டில் பிதுங்கும். முள்வழியில் பிதுங்கிய சுவரை ஒவ்வொரு முள்ளும் தேடி வந்து குத்தும். ஆகவே கருவேலங்காட்டுப் பாதையில் காற்றைக் குறைக்கவே கூடாது. கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்கிற அளவிலேயே, மெதுவாகப் போங்கள்.

முள் இல்லாத சரளைப் பாதையில் ஸ்டிக்கர் அளவிலிருந்து நான்கைந்து பி.எஸ்.ஐ. குறைக்கலாம். கெட்டியான தரைமேல் உருளும் சரளையில்தான் வண்டி வளைவில் வழுக்கும். மென்மையான டயர் அந்தக் கற்களைத் தழுவிப் பிடிக்கும், உடம்புக்கும் அலுங்கல் குறையும். வேகம் நாற்பதுக்குள் இருக்கட்டும்.

சேற்றில் தரை எப்படிப்பட்டது என்று இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேலே நான்கு விரல் சேறு, அடியில் கெட்டி என்றால் காற்றைக் குறைக்காதீர்கள். டயர் வெட்டிக்கொண்டு கீழே போய்க் கெட்டித் தரையைப் பிடிக்கும். கண்மாய்க் கரம்பைக்கு அடி கிடையாது. மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்ததுபோல் இருக்கும், ஒரு முழம் கீழே களியாக இருக்கும். அங்கே போக வேண்டாம் என்பதே முதல் யோசனை. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் 20 அளவுக்குக் குறைத்து, நிற்காமல், சீரான வேகத்தில் போங்கள்.

மணலில் தாராளமாகக் குறைக்கலாம். தனுஷ்கோடிக்கு 2017-இல் அரிச்சல்முனைவரை சாலை திறக்கும்முன், பயணிகளை ஜீப்பும் வேனும்தான் மணலில் ஏற்றிக்கொண்டு போயின. அப்படிப்பட்ட மணலுக்கு 18-இல் தொடங்குங்கள். போதவில்லை என்றால் 15. அதற்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். மணலில் பிரேக் போட்டு நிறுத்தாமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். பிரேக் போட்டால் டயருக்கு முன்னால் மணல் மேடு கட்டிவிடும்.

குறைத்த காற்றைத் தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மறுபடி பிடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசரும் ஒரு நல்ல கேஜும் இல்லாமல் காற்றைக் குறைக்கவே தொடங்காதீர்கள். அளப்பது எப்போதும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது. ஐந்தாறு டிகிரி வெப்பம் கூடினால் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும், சித்திரை மதியத்தில் நான்கைந்து கூடுதலாகக் காட்டினால் அது இயல்பு, இறக்கிவிட வேண்டாம்.

என்ஜினிலிருந்து சக்கரத்துக்கு

என்ஜினின் விசை கிளட்ச், கியர்பாக்ஸ் வழியாக டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் பின்னாலும் ஒரு ஷாஃப்ட் முன்னாலும் போகிறது. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு டிஃபரன்ஷியல். நம் மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். கிரவுனிலிருந்து அச்சுகள் வழியாகச் சக்கரம். நீங்கள் இழுக்கும் லீவர் டிரான்ஸ்ஃபர் கேஸோடு பேசுகிறது. டூ எச் என்றால் பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை. ஃபோர் எச் என்றால் முன்னும் பின்னும் இறுகிப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். ஃபோர் எல்-இல் அதோடு வேகம் குறைந்து விசை பெருகும்; தார் வண்டியில் 2.48 மடங்கு, ஜிம்னி வண்டியில் ஏறத்தாழ 2 மடங்கு.

பூட்டப்பட்டு என்ற சொல்லைக் கவனியுங்கள். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில், அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் சறுக்க முடியாது. கானாடுகாத்தானின் தெருக்கள் நேர்கோடாகப் போய்ச் செங்குத்தாக வெட்டிக்கொள்பவை. மண்பாதையிலிருந்து ஃபோர் எச்-இலேயே ஊருக்குள் வந்து தெருமுனையில் முழுக்க ஒடித்துத் திருப்பினால் வண்டி திமிறும், குதிக்கும், லீவர் சிக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட் மேலும் பல்சக்கரங்கள் மேலும் விழுகிறது. தார்ச்சாலை ஏறியதும் டூ எச். இது தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய மகிந்திரா ஜீப், ஜிப்ஸி எல்லாவற்றுக்கும் பொருந்தும். தார்ச்சாலையிலும் நாலு சக்கரமும் இழுக்கும்படி செய்த ஆல் வீல் டிரைவ் வண்டிகள் வேறு இனம். அவற்றில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே நெகிழும் ஏற்பாடு இருக்கிறது.

அடுத்தது கிரவுன். ஒரே அச்சின் இரண்டு சக்கரங்கள் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அதுதான் விடுகிறது. அதன் குறை, இரண்டு பக்கத்துக்கும் சமமான விசையை மட்டுமே கொடுக்கும் என்பது. ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்றினால் அதற்கு விசையே தேவைப்படுவதில்லை. ஆகவே கெட்டித் தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் கிடைக்கும். அதனால்தான் ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சக்கரம் பிடி இழந்தால் அசையாமல் நின்றுவிடுகிறது. வாய்க்காலைக் குறுக்காகக் கடக்கும்போது இதை நன்றாகப் பார்க்கலாம்.

இதற்கு மருந்து லாக். கூர்க்காவில் முன், பின் இரண்டையும் ஓட்டுபவரே பூட்டலாம். சில தார் வகைகளில் பின் கிரவுன் தானாகவே பூட்டிக்கொள்ளும். ஜிம்னியில் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, விசையை மறுபக்கம் தள்ளும் ஏற்பாடு. இந்த மூன்றாவது வகையில் ஒரு பழக்கம் வேண்டும்: சக்கரம் சுற்றுகிறதே என்று பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிடக் கூடாது. மிதமாக அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். இரண்டொரு நொடியில் பிரேக் வேலை செய்யத் தொடங்கும், வண்டி ஏறும். கையால் பூட்டும் லாக்கைத் தடை தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

ஃபோர் எல் ஏற்றத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் பெரிய பயன் இறக்கத்தில்தான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் போகும் கற்பாதை போன்ற இடங்களில் இறங்கும்போது ஃபோர் எல், முதல் கியர், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். பிரேக் சூடாகாது, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காது. ஃபோர் எல்-க்கு மாற்ற வண்டி முழுமையாக நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும்.

ஊரில் நிற்கும் வண்டிக்கு இன்னொன்று: மாதம் ஒருமுறை மண்பாதையில் சில கிலோமீட்டர் ஃபோர் எச்-இல் ஓட்டச் சொல்லுங்கள். சுற்றாத முன் கிரவுனில் ஆயில் மேலே ஏறாது, சீல் காய்ந்துவிடும். ஆயில் பார்க்க வேண்டிய இடம் நான்கு: கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு கிரவுன். தண்ணீரில் இறங்கிவந்த பிறகு ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அன்றே மாற்ற வேண்டும். கிளம்பும்போது அடியில் டங்கென்று தட்டினால் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட்டைப் பாருங்கள். வெட்டிய கருவேலங்கட்டை முன் அச்சின் ரப்பர் உறையைக் கிழிப்பதும் இங்கே சகஜம். கிரீஸ் வெளியே தெறித்திருந்தால் உறை போய்விட்டது, மண் உள்ளே புகுமுன் மாற்றினால் செலவு சில நூறு, ஆயிரத்தோடு முடியும்.

நான்கும் ஒன்றுபோல்

டயரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சந்திக்கிற இடம் இது. பின்னால் மட்டும் தேய்ந்துவிட்டது என்று இரண்டு புது டயர் போடுகிறோம். புதியதில் 8 மில்லிமீட்டர் பட்டன், பழையதில் 3. விட்டத்தில் வித்தியாசம் 10 மில்லிமீட்டர். 789 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 404 முறை சுற்றும். தேய்ந்தது 409 முறை. ஃபோர் எச்-இல் முன்னும் பின்னும் பூட்டியிருக்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டரும் அந்த ஐந்து சுற்று வித்தியாசம் நேர்சாலையிலும் முறுக்காக மாறும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். ஸ்டெப்னி அதே அளவாக இருந்தால் அதையும் சுழற்சியில் சேருங்கள். வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள்.

பெரிய டயர் போடும் ஆசைக்கும் ஒரு கணக்கு. 245/75 ஆர்16-க்குப் பதில் 265/75 ஆர்16 போட்டால் விட்டம் 774-இலிருந்து 804 ஆகும். வண்டியின் அடிவயிறு 15 மில்லிமீட்டர்தான் உயரும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-இல் போகும். எடை கூடியதால் பிரேக்கும் கிளட்சும் அதிகம் உழைக்கும். அந்த 15 மில்லிமீட்டருக்கு இது அதிக விலை.

மழைக்காலத்தில்

ஐப்பசி முதல் மார்கழிவரை கண்மாய் நிறைந்து கலுங்கு பாயும்போது தரைப்பாலங்கள் மூழ்கும். தார் 650 மில்லிமீட்டர், கூர்க்கா 700 மில்லிமீட்டர் ஆழத்தில் இறங்கும் என்று கம்பெனி சொல்வது நிற்கும் நீருக்கு. ஓடும் நீர் 60 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய வண்டியையும் மிதக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். மிதக்கும் சக்கரத்துக்கு டூ எச்சும் ஃபோர் எல்லும் ஒன்றுதான். நீர் ஓடுகிறது, பாலத்தின் தரை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். காரைக்குடி வழியாகச் சுற்றிப் போனாலும் அரைமணி, ஒரு மணி நேரம்தான் கூடும்.

நனைந்த கண்மாய்க் கரைமேல் தயவுசெய்து வண்டி ஏற்றாதீர்கள். மேலேயிருந்து பார்க்க அழகாக இருக்கும், உங்கள் வண்டியால் ஏறவும் முடியும். ஆனால் இரண்டு டன் பாரம் பதித்த தடத்தில் மழைநீர் தேங்கி, அதன் வழியே கரை அரிக்கத் தொடங்கும். மடைக்குக் கீழே இருக்கும் வயல்களுக்கு அந்தக் கரைதான் காவல். வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.